மாடியில் ஒரு காது, சமையற்கட்டில் ஒரு குரல்

விழாவுக்குத் தலைமை தாங்கி, இந்த வெயிலிலும் வேட்டி மடிப்புக் கலையாமல் வீற்றிருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர், அம்மையார்குப்பம் தந்த அருமைத் தம்பி துளசிங்கம் அவர்களே! பேசத் தெரிந்தும் பாதி ஆயுளைப் பேசாமலே கழித்த பெருமகனார், மலைக்கோயிலுக்குச் சமைத்துத் தரும் நாராயணசுவாமி அவர்களே! அவர் பேசாததையும் சேர்த்துப் பேசிவரும் அவர் இல்லத்தரசி ஜெயம் அம்மையாரே! (சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, அவங்களே சிரிக்கிறாங்க.) இந்த விழாவின் நாயகி, இவர்கள் வீட்டுப் பெண், விண்ணுக்குக் காது வைத்த வீரமகள் பத்மப்ரியா அவர்களே! மூக்குக்கண்ணாடியும் முழங்கால் வலியுமாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கட்டின பூவைக் கூடையிலேயே வைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! சென்னை வண்டிக்கு நேரமாச்சா என்று செல்போனைப் பார்த்துகினு நிற்கும் கடைசி வரிசைக்காரர்களே! உங்கள் எல்லாருக்கும், மேடையில் பேச மட்டுமே தெரிந்த, காகிதத்தில் கிறுக்கத் தெரியாத பூபாலனின் வணக்கம்.

எனக்கு வருஷத்துக்கு நம்பர் போடத் தெரியாது. ஆனால் எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். சந்திரனில் மனுஷன் கால் வைத்த வருஷம் அது. அந்தப் பொங்கலுக்குத்தான் நம்ம ராஜ்ஜியத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வந்தது. வாசலில் கட்டிய கரும்பு காய்வதற்குள் அந்தப் பேரை வாங்கித் தந்த தலைவர் கண்மூடினார். அன்றைக்கு இந்தத் திருத்தணி பஜாரில் அடுப்பு எரிந்த வீடு கிடையாது. கண்ணீர் காய்ந்து, கோடை கழிந்து, ஆடி பிறந்தது. சந்திரனில் இறங்கிட்டான் என்று ரேடியோவில் சேதி வந்தது. ‘அண்ணாந்து பார்த்தா ஆள் தெரியுமாடா?’ என்று ஒரு கூட்டம் தெருவில் நின்றது. அந்தக் கூட்டத்தில் மீசை அரும்பின வயசில் நானும் நின்றேன்.

அதே ஆடியில், கிருத்திகைக்குக் காவடிகள் வரத் தொடங்கின வாரத்தில், நாராயணசுவாமி வீட்டுக் கொல்லைச் சமையற்கட்டில் ஒரு மின்சார பெல் மாட்டினார்கள்.

யாரோ கேட்கிறார், ‘இன்னாது, பெல்லா?’ ஆங், பெல்லுதான்! விண்மீனைப் பேசக் கூப்பிட்டால் பெல்லைப் பேசுகிறானே கிழவன் என்று பார்க்கிறீர்கள். இருங்கள். நிலவில் கால் வைத்தது பெரிய சேதி, பெல் மாட்டியது சின்ன சேதி. ஆனால் இந்த ஊருக்கும் வானத்துக்கும் வழக்கு வந்தது அந்தச் சின்ன சேதியால்தான். அந்த வழக்கில் இந்த ஊர் வென்றதும் அந்தச் சின்ன சேதியால்தான்!

அந்த வீட்டு வழக்கம் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூர் விருந்தாளிகளுக்காகச் சொல்கிறேன். சாமிக்குப் படைக்கிற சோற்றை ஆக்கும்போது அவர்கள் வாயில் துணி கட்டிக்கொள்வார்கள். எச்சில் தெறிக்கக் கூடாது, மூச்சுக் காற்றுகூடப் படக் கூடாது. உலை வைத்ததிலிருந்து இறக்கி மூடும்வரை ஒரு வார்த்தை கிடையாது. வெளியாள் உள்ளே போகவும் கூடாது. அப்ப தண்ணி வேணும்னா? விறகு வேணும்னா? அதற்கொரு சின்ன வெண்கல மணி. ஒரு தரம் அடித்தால் தண்ணி. இரண்டு தரம் என்றால் விறகு. மூன்று தரம் என்றால் ஆச்சு, தூக்கிக்கொண்டு போக ஆள் வா.

கொல்லை வாசலில் நின்று விறகும் தண்ணியும் எடுத்துக் கொடுத்தவர் சுப்பிரமணி. அறுப்பு இருந்தால் கழனியில் இருப்பார், இல்லாவிட்டால் அந்த வாசலில் இருப்பார். கல் குவாரியில் வெடி வைத்தபோது கிட்டே நின்று காது மந்தமாகிப்போன மனுஷன். வெண்கல மணி அவருக்குக் கேட்கவில்லை. உள்ளே உலை கொதித்துகினு இருக்கும். வெளியே சுப்பிரமணி வேப்பமரத்துக் காக்காயைப் பார்த்துகினு இருப்பார். ‘வேற ஆளைப் போட்டுக்கோங்க சாமி’ என்று ஊரே சொன்னது. நாராயணசுவாமியின் தகப்பனார் என்ன செய்தார் தெரியுமா? ஆளை மாற்றவில்லை ஐயா! மணியை மாற்றினார்!

(தட்டுங்க, நல்லா தட்டுங்க. போய்ச் சேர்ந்தவருக்கும் கேட்கட்டும்.)

அரக்கோணத்திலிருந்து ஒரு வயர்மேனைக் கூட்டி வந்தார். அந்தக் காலத்தில் கரண்ட் எப்ப வரும், எப்ப போகும் என்று மின்சார ஆபீசுக்கே தெரியாது. அதனால் பேட்டரியில் அடிக்கிற பெல்லாக மாட்டினார்கள். சுவிட்சைத் தொட்டதும் டர்ர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், தெருவில் நின்ற நாங்கள் ஃபயர் சர்வீஸ் வண்டி என்று ஓரம் ஒதுங்கினோம். உள்ளே கொல்லையில் நின்றவர்கள் நாலே பேர். நாராயணசுவாமியின் தகப்பனார், வயர்மேன், சுப்பிரமணி, சுப்பிரமணியின் சம்சாரம். இந்த நாலு பேரை மனசில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கேட்பேன்.

இப்போது பெல்லை அங்கேயே தொங்கவிட்டு, என்னோடு வானத்துக்கு வாருங்கள்!

வானத்தின் ஆழத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது. நம் காதுக்குக் கேட்கிற சத்தம் இல்லை, ரேடியோ அலை. கண் இமைக்கிற நேரத்தை நூறு கூறு போட்டால் அதில் ஒரு கூறு, அவ்வளவுதான் அதன் ஆயுள். அந்த ஒரு கூறுக்குள், நம் சூரியன் நாள்கணக்கில் கொட்டுகிற சக்தியைக் கொட்டிவிட்டு அடங்கிவிடுகிறது! யார் அடித்தார்? எங்கிருந்து அடித்தார்? எதைக் கொண்டு அடித்தார்? குஜராத்தில் பூமி குலுங்கிய வருஷம், வானத்து ரேடியோ அலையைப் பிடிக்கிற வெளிதேசத்துப் பெரிய காது ஒன்றில் அந்தச் சத்தம் விழுந்து பதிவாகியும் விட்டது. யாரும் பார்க்கவில்லை. சுனாமி வந்து, போய், நாம் அழுது முடித்தபிறகுதான் ஒருவர் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் நூற்றுக்கணக்கில் கேட்டார்கள். சில ஒரே தரம் அடித்து ஓய்ந்தன. சில திரும்பத் திரும்ப அடித்தன. எல்லாம் நம் பால்வீதிக்கு அப்பால், எட்டாத தூரத்தில்.

பிறகு வந்தது கொரோனா வருஷம். ரயில் நின்று, தறி நின்று, மலைப்படி வெறிச்சென்று கிடந்து, முருகனே தனியாய் இருந்த அந்தச் சித்திரையில், ஒரு சத்தம் நம் பால்வீதிக்குள்ளிருந்தே வந்தது. அடித்தவனை அன்றைக்குத்தான் கையும் களவுமாய்ப் பிடித்தார்கள். யார் அவன்? காந்த விண்மீன்! செத்துப்போன பெரிய நட்சத்திரத்தின் சுருங்கிய நெஞ்சு. அகலம் எவ்வளவு? இங்கே புறப்பட்டு அரக்கோணம் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவே. எடை? சூரியனைவிட அதிகம். காந்தம்? நிலாவுக்குப் பாதி வழியில் கொண்டுவந்து வைத்தால் உங்கள் ஏடிஎம் கார்டெல்லாம் வெறும் அட்டையாகிவிடுமாம்! அதன் மேலோடு நடுங்கி விரிசல் விடும்போது கிளம்புகிற கூச்சல் இது என்று கணிக்கிறார்கள். தூரத்தில் அடிக்கிறவர்கள் எல்லாருமே இவன் ஜாதிதானா, வேறு ஆளும் உண்டா, அது இன்னும் முடியாத விசாரணை.

ஆனால் அந்தச் சத்தம் விழுந்த நேரத்தில் அந்த விண்மீன் நம்ம பக்கத்து வானத்தில் எழும்பவே இல்லை. உலகத்தின் அந்தப் பக்கத்துக்காரன் கேட்டான். நாம் கேட்கவில்லை. காலேஜ் மூடி வீட்டில் அடைந்து கிடந்த பத்மப்ரியா (அவளைத் தொட்டிலில் பார்த்தவன் நான், இனி ‘அவள்’ என்றே சொல்வேன், சபை பொறுக்கட்டும்) அன்றைக்கு அம்மாவிடம் சொன்னாளாம்: “அடுத்த தடவை நம்ம பக்கம் விழும்மா. விழறச்சே நம்ம காது தெறந்திருக்கணும்.”

சொன்னாள். படித்தாள். ஆராய்ச்சியில் சேர்ந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டுப் பொங்கல் கழிந்த கையோடு மொட்டை மாடியில் காதை நட்டாள். எதை வைத்துச் செய்தாள்? அப்பாவின் சமையல் பாத்திரத்தை வைத்து! ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் வட்டப் பாத்திரங்களின் அடியை வெட்டி, நடுவில் ஒரு குழாய் வைத்து, அதையே ஆண்டெனா ஆக்கினாள். ஜெயம் அம்மா கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “பொங்கல் கிண்டற பாத்திரத்தையாடி வெட்டினே?” தெருமுனை வெல்டிங் பட்டறை தங்கவேல் அண்ணாந்து பார்த்துக் கேட்டான்: “இதுல கிரிக்கெட் வருமா பாப்பா?”

சிரிக்கலாம். ஆனால் அவளுக்கு அது சிரிப்பில்லை. அந்தக் காதைத் திருத்தணியில் வைப்பது சோதனைக்குத்தான். சரியாகக் கேட்டால் இங்கேயே இருக்கும். கேட்காவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும், ஆராய்ச்சியும் அதோடு வேறு கைக்குப் போய்விடும். அப்படிச் சொல்லித்தான் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் விட்டிருந்தார்.

கருவியெல்லாம் பூட்டி முடித்துப் பங்குனியில் காதைத் திறந்ததுமே சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு சமயம் ஒரு தரம். ஒரு சமயம் இரண்டு தரம். ஒரு சமயம் மூன்று. திரும்பத் திரும்ப! துள்ளினாள் பாருங்கள் அவள்! பேராசிரியருக்கு அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டு, “இது வானத்துது இல்ல. உங்க ஊருது. என்னன்னு கண்டுபிடிச்சு நிறுத்து. ஆடிக் கிருத்திகைக்குள்ள நிக்கலன்னா இறக்கிடலாம்” என்றார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது? நானும் கேட்டேன். அவள் எனக்குச் சொன்னாள், நான் உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு காவடிக் கூட்டம் அரோகரா என்று ஒரே மூச்சில் நடக்க ஆரம்பிக்கிறது. இளவட்டம் முன்னால் வந்து சேரும். முட்டிவலிக்காரர்கள் பின்னால் வருவார்கள். கூட்டம் பக்கத்து ஊரிலிருந்து வந்தால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் கொஞ்சம்தான் இடைவெளி. ஆற்காட்டிலிருந்து வந்தால்? முதல் ஆள் மொட்டை போட்டுக் குளித்துச் சாப்பிட்டுப் படுத்தபிறகுதான் கடைசி ஆள் வருவார். அந்த இடைவெளியை வைத்தே எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று சொல்லிவிடலாம். வானத்துச் சத்தமும் அப்படித்தான். அதில் சன்ன அலையும் தடித்த அலையும் சேர்ந்தே கிளம்பும். வழியெல்லாம் தூவிக்கிடக்கிற மின்துகளில் உரசி, சன்ன அலை முந்தும், தடித்த அலை பிந்தும். எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு தூரம். ஆனால் எல்லாரும் கொத்தாக, ஒரே நேரத்தில், வேர்க்காமல் விறுவிறுக்காமல் வந்து நின்றால்? பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவர்கள் ஐயா! மாடிக் காதில் விழுந்த சத்தம் கொத்தாக வந்தது.

அப்ப யாரு? தேடினோம். தங்கவேல் சொன்னான், “தறிதான். துளசிங்கத்து தறிதான். கரண்ட் வந்தா அத்தினியும் ஒண்ணா உதறுது.” தெருக்கோடியில் பவர்லூம் கொட்டகை போட்டிருக்கும் நம் தலைவர் விட்டாரா? “ஏம்பா, பூச்சி மாதிரி பொறி பறக்குது ஒன் பட்டறையில. என் தறியச் சொல்றியா நைனா?” என்றார். ரயில் கம்பியில் தெறிக்கிற பொறி என்றார் ஒருவர். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் என்றார் இன்னொருவர். ஏதோ ஒரு தேசத்தில் ஆராய்ச்சிக்கூடத்துச் சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பின் கதவைப் பாதியில் திறந்தபோது வந்த அலையை, வருஷக்கணக்கில் விளங்காத சத்தம் என்று தேடினார்களாம். அதைப் பத்மப்ரியாவே சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு, “நம்மாத்துல அந்த அடுப்பே கெடையாது” என்று தன் வீட்டுச் சமையற்கட்டைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டாள்!

கடைசியில் ஆனி மாசம், ஒரு முற்பகல் முழுக்க ஊரை நிறுத்திப் பார்ப்பது என்று முடிவு. ஊரிடம் கேட்க ஆள் வேண்டுமே? என்னிடம் வந்தாள். “மாமா, நீங்க சொன்னா கேப்பா. ஆனா மைக் இல்லாம சொல்லுங்கோ” என்றாள். இந்தத் தொண்டைக்கு மைக் எதுக்கு! தெருத்தெருவாய் நின்று கேட்டேன். மிக்ஸியை நிறுத்துங்கள். கிரைண்டரை நிறுத்துங்கள். சீரியலை நிறுத்துங்கள். (அந்த அம்மா இன்னும் என்னை முறைக்கிறாங்க பாருங்க.) ஊர் கேட்டதா? கேட்டது! நம் தலைவர் துளசிங்கம், பாவு பாதியில் நிற்க, அவசர ஆர்டர் காத்துக் கிடக்க, தன் கையாலேயே மெயினை இறக்கினார். தங்கவேல் பட்டறையை மூடினான். நாராயணசுவாமி வீட்டில் ஃபியூஸையே பிடுங்கினார்கள், மாடிக் காது மட்டும் பேட்டரியில் ஓடியது. காக்கா கத்தியது மட்டும்தான் ஊரில் சத்தம்.

அந்த நிசப்தத்தில், மாடியிலிருந்து அவள் கத்தினாள்: “வந்துடுத்து!”

ஒன்று! கொஞ்சம் பொறுத்து, இரண்டு! கடைசியில் மூன்று!

தங்கவேல் குதித்தான். “தறி இல்ல, பட்டறை இல்ல, அப்ப வானந்தான்!” ஊரே அரோகரா போட்டது. யாரோ தேங்காய் கொண்டுவந்து அந்த ஆண்டெனாவுக்கு முன்னால் உடைத்துவிட்டார்கள். துளசிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊருக்கே திருவிழா. அவள் மட்டும் படியில் உட்கார்ந்து அழுதாள். ஏன் அழுதாள்? சத்தம் இப்போதும் கொத்தாகத்தான் வந்தது! பேராசிரியர் போனில் சொல்லிவிட்டார்: “ஊரே அடங்கியும் வருதுன்னா கோளாறு உன் கருவியிலேயே இருக்கு. இறக்கிடும்மா.”

ஊருக்கு எப்படிச் சொல்வது? உடைத்த தேங்காயை ஒட்டவா முடியும்?

மறுநாள் அவள் கருவியைக் கழற்றப் போனாள். கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் பார்க்கலாம் என்று திரையின் முன்னால் உட்கார்ந்தாள். கீழே கொல்லை வாசலில் ஜெயம் அம்மா, தண்ணிக்குடத்தோடு. உள்ளே நாராயணசுவாமி, வாயில் துணியோடு.

டர்ர்ர்ர்.

மேலே, “ஐயோ, மறுபடியும்!”

ஜெயம் அம்மா குடத்தை வைத்தார். அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் போனது. டர்ர்ர்ர், டர்ர்ர்ர். மேலே, “இதோ! ரெண்டு!”

அப்போது ஜெயம் அம்மா கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி! உலகத்துப் பேராசிரியர்களெல்லாம் சேர்ந்து கேட்காத கேள்வி! கொல்லையில் நின்றபடியே தலையைத் தூக்கி:

“ஏண்டி, உங்கப்பா பெல் அடிச்சா நீ ஏன் கத்தறே?”

(போதும், போதும். கை வலிக்கப் போகுது.)

விளங்கிற்றா? ஊரெல்லாம் சத்தத்தைத் தேடினோம். சத்தம் போடுகிறவனையெல்லாம் சந்தேகப்பட்டோம். சத்தமே போடக் கூடாத இடத்திலிருந்து வந்துகினு இருந்தது சத்தம்! பெல்லுக்குள்ளே இரும்பு நாக்கு ஒட்டிப் பிரிகிறபோதெல்லாம் ஒரு பொறி. அந்தப் பொறி மாடிக் காதுக்கு இடிமுழக்கம். ஃபியூஸைப் பிடுங்கியும் நிற்கவில்லையே? எப்படி நிற்கும், பேட்டரியில் அடிக்கிற பெல்லாயிற்றே! ஊர் அடங்கிய அந்த முற்பகலிலும் சாமிக்குச் சோறு நிற்குமா? உள்ளே அவர் தண்ணி கேட்டார், விறகு கேட்டார், ஆச்சு என்றார். தினம் கேட்டுப் பழகிய சத்தம், எங்கள் யார் காதிலும் அது ஏறவேயில்லை. அதற்குத்தான் நாம் தேங்காய் உடைத்தோம்!

இத்தனை படித்த பெண்ணுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? நான் கேட்டேன். அவள் சொன்ன பதில் என் கட்டை வேகிறவரை மறக்காது. “மாமா, அது எனக்கு மெஷினாவே தோணலை. பொறந்ததுலேர்ந்து அது அப்பா பேசற குரல். எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னேன், அப்பா குரலை யாராவது நிறுத்தச் சொல்லுவாளா?”

அப்ப பெல்லைக் கழற்றிவிட வேண்டியதுதானே? தங்கவேல் திருப்புளியோடு வந்துவிட்டான். நாராயணசுவாமி கையைக் காட்டித் தடுத்தார். “எங்கப்பா இதை ஒரு மனுஷனுக்காக வெச்சார். அந்த மனுஷர் போயிட்டார். ஆனா அவாத்துல கேக்காம நான் கழட்ட மாட்டேன். அவா வேண்டாம்னா, மாடில இருக்கறதுதான் எறங்கும்” என்றார். மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மகள் தலையை ஆட்டினாள். அவளும் அந்த வீட்டுப் பெண்தானே!

ஆடிக் கிருத்திகை கிட்டே வந்துகினு இருக்கிறது. மலைக்கு மின்விளக்கு போட ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் எல்லாரும் போனோம், சுப்பிரமணியின் வீட்டுக்கு. அவருடைய சம்சாரம் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நாராயணசுவாமியே சொன்னார். நின்றுகொண்டே, விட்டு விட்டுச் சொன்னார். அந்த அம்மா முழுசும் கேட்டார். கடலை உரிப்பதை நிறுத்தவில்லை.

“எங்க வூட்டுக்காரர் காதுக்குன்னு வச்ச பெல்லு சாமி அது. ஊரே வேற ஆளைப் போடுன்னுது, உங்க நைனா பெல்லைப் போட்டாரு. இப்ப உங்க பொண்ணு காதுக்குன்னு எடுக்கறீங்க. ஒரு காதுக்கு வச்சத இன்னொரு காதுக்கு எடுத்தா இன்னா கொறஞ்சு பூடும்? அவரு இருந்தா அவரே ஏணி போட்டுக் கழட்டியிருப்பாரு.” சொல்லிவிட்டு, பத்மப்ரியாவைப் பார்த்து, “மேலேருந்து சத்தம் வந்தா எனக்கும் சொல்லுமா” என்றார்.

பெல் இறங்கியது. பழைய வெண்கல மணி, பரணில் கறுத்துக் கிடந்தது, புளி போட்டுத் தேய்த்ததும் பொன்னாய் மின்னியது, மறுபடி ஏறியது. மாடிக் காது அடங்கியது. பேராசிரியர் பார்த்தார். “சுத்தமா இருக்கு. இருக்கட்டும்” என்றார். ஆடிக் கிருத்திகைக்கு இந்த மலையில் லட்சம் தொண்டை அரோகரா போட்டது. ஒன்றுகூட அந்தக் காதைத் தொந்தரவு செய்யவில்லை!

ஆனால் வெற்றி இன்னும் வரவில்லையே? காது இருக்கிறது, சத்தம் எங்கே? ஆவணி போனது, புரட்டாசி போனது. மழை வந்தது, பாத்திரத்தில் தண்ணி நின்றது, துடைத்தாள். கார்த்திகை வந்தது. தீபத்துக்கு அகல் வாங்கப் பெண்கள் பஜாருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். உள்ளே நாராயணசுவாமி, வாயில் துணியோடு. கொல்லை வாசலில் ஜெயம் அம்மா.

மேலே ஒரு கூச்சல். ஜெயம் அம்மா சுவரைப் பார்த்தார். பெல் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அந்த அம்மா, அந்த முழங்கால் வலியோடு, ஒரே மூச்சில் மாடி ஏறினார்:

“ஏண்டி, பெல்லே இல்லியேடி! இப்ப ஏன் கத்தறே?”

பெல் இல்லை ஐயா! தறி இல்லை, பொறி இல்லை, ரயில் இல்லை! சன்ன அலை முந்தி வந்தது, தடித்த அலை பிந்தி வந்தது. வரிசை வரிசையாய், நடந்து களைத்த காவடிக் கூட்டம் மாதிரி வந்தது! கொத்தாக இல்லை! கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மேற்கே, கன்னட தேசத்து மலை ஒன்றில் வைத்திருக்கிற இன்னொரு காதிலும் அதே சத்தம், அதே சாயங்காலம், அதே நொடி. நாராயணசுவாமியின் பெல் கன்னட தேசத்தில் கேட்குமா? தங்கவேலின் பட்டறை அங்கே கேட்குமா? இரண்டு காதில் ஒரே நேரத்தில் கேட்டால் அது யார் குரல்? வானத்தின் குரல்! நம் பால்வீதிக்குள் குடியிருக்கும் ஒரு காந்த விண்மீன், இந்த மலைக்குப் படி வெட்டுவதற்கும் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் போட்ட கூச்சல், நடந்து நடந்து நடந்து, திருத்தணிக்கு வந்து, ஒரு சமையல் பாத்திரத்தில் விழுந்தது!

அவள் கீழே ஓடி வந்தாள். நாராயணசுவாமி கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றார். வாயில் துணி. கேட்க முடியாது. புருவத்தை மட்டும் தூக்கினார். அவள் தலையை ஆட்டினாள். அவர் திரும்பிப் போனார். கிளறினார். இறக்கினார். மூடினார். வெண்கல மணியை மூன்று தரம் ஆட்டினார். துணியை அவிழ்த்தார். அப்புறம்தான் கேட்டார்: “எங்கேர்ந்துடி கொழந்தே?”

“நம்ம பால்வீதியிலேர்ந்துதான்ப்பா.”

“அப்போ பக்கத்தாம்தான்” என்றார்.

(தட்டுங்க! இப்ப தட்டாம எப்ப தட்டப் போறீங்க!)

பெரியோர்களே, தாய்மார்களே! இந்த வெற்றி யாருடையது? பத்மப்ரியாவுடையது, சந்தேகமில்லை. ஆனால் தறியை நிறுத்திய கை யாருடையது? பட்டறையை மூடிய கை யாருடையது? பாதி சீரியலைத் தியாகம் செய்த தாய்க்குலம் எந்த ஊர்த் தாய்க்குலம்? வானம் எல்லா ஊருக்கும்தான் மேலே இருக்கிறது. அதைக் கேட்பதற்காகத் தன் வாயை ஒரு முற்பகல் மூடிக்கொண்ட ஊர் எது? திருத்தணி! இனி அந்தக் காது இந்த மாடியை விட்டு இறங்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். படிக்கத் தெரியாத எனக்கு அதைப் படித்துக் காட்டினார்கள். எனக்கு அது காவடிச்சிந்து மாதிரி இருந்தது!

இதோ, மேடையில் பட்டுத்துணி போர்த்தி வைத்திருக்கிறார்களே, அதுதான் அந்த பெல். இனி அது பத்மப்ரியாவின் ஆராய்ச்சி மேசையில் இருக்கும். யாரது, ‘ஒரு தரம் அடிச்சுக் காட்டுங்க’ என்கிறது? அடிக்கவே மாட்டேன்! கையை எடுங்க தலைவரே! மாடியில் காது திறந்திருக்கிறது!

இவ்வளவு நேரம் என் தொண்டையைப் பொறுத்த சபைக்கு நன்றி. பந்தல் போட்டவர்களுக்கு, பந்தி போடப் போகிறவர்களுக்கு, ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளியே வைத்த தம்பிக்கு நன்றி. மலைமேல் இருப்பவனுக்கும் மலைக்கு மேலே இருப்பவற்றுக்கும் வணக்கம்.

இருங்கள், எழுந்துவிடாதீர்கள். நாலு பேரை மனசில் முடிந்து வைக்கச் சொன்னேனே? சந்திரனில் மனுஷன் கால் வைத்த ஆடியில், இந்த பெல் முதல் முதல் அடித்தபோது அந்தக் கொல்லையில் நின்றவர்கள். நாராயணசுவாமியின் தகப்பனார் போய்விட்டார். அரக்கோணத்து வயர்மேன் போய்விட்டார். காது மந்தமான சுப்பிரமணி, பெல் சத்தம் கேட்டு முகம் மலர்ந்த அந்த மனுஷன், அவரும் போய்விட்டார். நாலாவது ஆள் அதோ, முன்வரிசையில், மடியில் கடலைப் பொட்டலத்தோடு, சத்தம் வந்தால் எனக்கும் சொல்லு என்று கேட்டு, கேட்டபடியே ஊரில் முதல் ஆளாய்ச் சேதியை வாங்கியவர், இன்றைக்கு மேடையின் இந்தக் குத்துவிளக்கை ஏற்ற எழுந்து வரப்போகிறவர், சுப்பிரமணியின் சம்சாரம், கௌரியம்மாள்.